முயல் கறி அறுக்கவும் விற்கவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் முயல் கொட்டகை போட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்க வருகிறவர்களும், தாங்களும் பண்ணை வைக்கலாமா என்று பார்க்க வருகிறவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றில் பாதி காட்டு முயலைப் பற்றியவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

1. காட்டு முயல் கறி கிடைக்குமா அண்ணே?

கிடைக்காது. எங்களிடம் இல்லை என்பது இருக்கட்டும். இந்தியாவில் யாரிடமும் அதை வாங்கக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் காட்டு முயலுக்கும் பொருந்தும். கொல்வது மட்டும் வேட்டை என்று நினைக்க வேண்டாம். உயிரோடு பிடிப்பது, கண்ணி வைப்பது, வலை கட்டுவது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாவற்றையும் அந்தச் சட்டம் வேட்டை என்றே சொல்கிறது. கறியை வைத்திருப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம்தான்.

2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அது 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பொதுவான குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போன வண்டியும் கையில் இருந்த டார்ச்சும் வலையும் பறிமுதலாகும். ஒரு வேளைக் குழம்புக்காக இரண்டு சக்கர வண்டியை இழந்து, வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

2. முயல் முயல்தானே? காட்டில் இருந்தால் என்ன, கூண்டில் இருந்தால் என்ன?

இந்த ஒரு கேள்வியில்தான் மற்ற எல்லாக் குழப்பமும் இருக்கிறது. நாம் இரண்டு வேறு விலங்குகளை ஒரே சொல்லால் அழைக்கிறோம். நம் மானாவாரிக் காட்டில் ஓடுவது பழுப்பு உடலும் பிடரியில் கறுப்புத் திட்டும் உள்ள இந்திய முயல். கூண்டில் வளர்வது ஐரோப்பாவிலிருந்து வந்த குழிமுயல். உலகத்தில் வீட்டு முயல் என்று எத்தனை இனம் இருக்கிறதோ அத்தனையும் அந்த ஒரே குழிமுயலின் வழி வந்தவை.

குட்டியைப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். எங்கள் கூண்டில் பிறக்கிற குட்டி கண் திறக்காமல், முடியில்லாமல், சுண்டெலிக் குஞ்சைப் போல இளஞ்சிவப்பாக இருக்கும். தாய் தன் வயிற்று முடியைப் பிய்த்து மெத்தை போட்டால்தான் பிழைக்கும். காட்டு முயலின் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கிறது. காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. புல் தூரில் படுத்த இடத்தையே படுக்கையாக்கிக்கொள்ளும். இரண்டும் இணைந்து குட்டி போடுவதும் இல்லை. காட்டு முயலுக்கு 48 குரோமோசோம், குழிமுயலுக்கு 44.

3. என் தாத்தா லைசென்ஸ் வைத்து வேட்டையாடினாரே, அது எப்படி?

உங்கள் தாத்தா பொய் சொல்லவில்லை. 1972 சட்டத்திலேயே சிறு விலங்கு வேட்டைக்கு உரிமம் தரும் பிரிவு இருந்தது. 1991இல் வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. அன்றிலிருந்து பொழுதுபோக்கு வேட்டைக்கோ கறிக்கான வேட்டைக்கோ உரிமம் என்ற பேச்சே இல்லை. பழைய காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தால் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம். வேறு பயன் கிடையாது.

4. என் பட்டா நிலத்தில் கடலைச் செடியைக் கடித்துத் தள்ளுகிறது. அதைப் பிடித்தாலும் குற்றமா?

குற்றம்தான். நிலம் உங்களுடையது, முயல் அரசின் சொத்து. நாய் துரத்திக் கடித்துப் போட்டதும், சாலையில் அடிபட்டுக் கிடப்பதும் கூட அப்படியே. எடுத்து வந்து குழம்பு வைக்க முடியாது.

உங்கள் நட்டம் எனக்குப் புரிகிறது. நானும் தட்டைப்பயறு போடுகிறவன். முயல் கைவைப்பது பெரும்பாலும் முளைத்து வரும் இளஞ்செடியில். அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் இடுப்பளவுக்குக் கோழி வலையைச் சுற்றிக் கட்டினால் போதும். மேலே சொன்னபடி இது வளை தோண்டாத முயல் என்பதால் வலையை ஆழமாகப் புதைக்க வேண்டியதில்லை. அடியில் இடைவெளி இல்லாமல் கல்லோ மண்ணோ அணைத்தால் சரி. மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விடும் வேலையை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அதில் விழுவது முதலில் மனிதர்கள்தான்.

5. கோயில் திருவிழாவுக்கு முயல் வேட்டைக்குப் போவது எங்கள் ஊர் வழக்கம். பழங்குடி மக்களுக்கும் உரிமை இருக்கிறதாமே?

வழக்கத்துக்குச் சட்டத்தில் விலக்கு இல்லை. பழங்குடி மக்களுக்கு வன உரிமைகளை வழங்கிய 2006ஆம் ஆண்டின் சட்டம் தேன், விறகு, மேய்ச்சல், நிலம் என்று பலவற்றை ஏற்றது. பாரம்பரிய வேட்டையை மட்டும் தெளிவாக விலக்கிவிட்டது. 1972 சட்டம் வேட்டை உரிமையை விட்டுவைத்திருப்பது நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு மட்டுமே.

பல ஊர்களில் வேட்டை நாளன்று சாமி புறப்பாடும் பொங்கலும் மட்டும் நடத்திக்கொள்கிறார்கள். படையலுக்குப் பண்ணை முயல் கேட்டு என்னிடமே வருகிறவர்கள் உண்டு.

6. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் காட்டு முயலைச் சுட்டு வெளிப்படையாக விற்கிறார்களே? அவர்களுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?

அங்கே விற்பது குழிமுயல். இரண்டாம் கேள்வியில் சொன்ன வேறுபாட்டை இங்கே நினைவில் வைக்க வேண்டும். இங்கிலாந்துக்கு நார்மானியர் காலத்தில் கறிக்காகக் கொண்டுவரப்பட்டு, வேலி தாண்டிப் பெருகிப் பயிரை அழித்த விலங்கு அது. 1880இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, நிலத்தைப் பயிரிடுகிறவனே தன் வயலில் முயலைக் கொல்லலாம் என்று உரிமை கொடுத்தார்கள். இன்றும் அங்கே வேட்டைக்காரர் முயலைச் சுட்டதும் வயலிலேயே வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிடுவார். ஒரு பின்னங்காலின் நரம்புக்கு நடுவே கீறி மறுகாலை அதில் நுழைத்து, கம்பில் கோத்துக் காற்றுப்பட மாட்டிக்கொண்டு போவார். தோல் உரிக்காமலே கறிக்கடைக்குக் கொடுக்கிற பழக்கமும் உண்டு. கடைக்காரர் ஈரலைப் பார்த்து, குண்டுத் துகள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் வாங்குவார்.

ஆஸ்திரேலியாவின் கதை இன்னும் கொடியது. 1859இல் விக்டோரியா மாநிலத்தில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் வேட்டைப் பொழுதுபோக்குக்காக 24 முயல்களை வரவழைத்துத் தன் நிலத்தில் விட்டார். ஐம்பது ஆண்டுக்குள் அது கண்டத்தின் பெரும்பகுதியில் பரவிவிட்டது. கம்பி வேலி கட்டிப் பார்த்தார்கள், 1950இல் முயலைக் கொல்லும் மிக்சோமா கிருமியை வேண்டுமென்றே பரப்பினார்கள், இன்னும் தீரவில்லை. அங்கே முயலைத் தின்பது நிலத்தைக் காப்பாற்றுகிற வேலை. இங்கே காட்டு முயல் இந்த மண்ணிலேயே பிறந்தது. சிறுத்தை, நரி, காட்டுப்பூனை, கழுகு எல்லாம் அதை நம்பி இருக்கின்றன. அங்கே நடப்பதை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

7. பண்ணை முயலை அறுப்பதற்கும் தடை என்று கேள்விப்பட்டேனே?

ஒரு காலத்தில் அந்தக் குழப்பம் உண்மையிலேயே இருந்தது. உணவுப் பாதுகாப்பு விதிகளில் இறைச்சிக்கான விலங்குகள் என்ற பட்டியலில் ஆடு, மாடு, பன்றி, கோழி எல்லாம் இருந்தன, முயல் இல்லை. அதனால் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் வளர்ப்பவர்கள் தவித்துப்போனார்கள். பிறகு வீட்டு முயலை அதன் அறிவியல் பெயரோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது அறுக்கலாம், விற்கலாம்.

விற்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். 2011ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு நாளைக்கு 10 சிறு விலங்குகள் வரை அறுப்பது சிறு தொழில். அதற்குப் பதிவு போதும். அதைத் தாண்டினால் உரிமம் வாங்க வேண்டும். ஊராட்சியிலோ நகராட்சியிலோ தொழில் உரிமமும் தேவை. நகராட்சி எல்லைக்குள் என்றால் அங்கீகரிக்கப்பட்ட அறுப்புக்கூடத்தில்தான் அறுக்க வேண்டும். உங்கள் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். பயப்படாமல் போனால் அவர்களே வழி சொல்கிறார்கள்.

8. எந்த இனம் நல்லது? எத்தனை மாதத்தில் அறுக்கலாம்?

கறிக்கு நியூசிலாந்து வெள்ளை, வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா, சாம்பல் ஜெயண்ட் நான்கும் நல்லவை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையமும், நீலகிரியில் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நிலையமும் இந்த இனங்களைப் பல காலமாக வளர்க்கின்றன. சினைக்காலம் சுமார் 31 நாள். ஒரு ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டி.

தீவனம் நன்றாக இருந்தால் மூன்று மாதத்தில் 2 கிலோ வரும். மூன்று மாதம் நிறையாத பிராணியையும் சினைப் பிராணியையும் அறுக்கக் கூடாது என்பது 2001ஆம் ஆண்டின் விதி. அதனால் பிறந்த தேதியைக் கூண்டு அட்டையில் எழுதி வையுங்கள். நான் மூன்றரை மாதத்துக்கு முன் கை வைப்பதில்லை. கறியும் அப்போதுதான் எலும்பை நிறைத்து நிற்கிறது. சமவெளி வெயிலில் எடை ஏறுவது மெதுவாகத்தான் இருக்கும். சித்திரை, வைகாசியில் கூரைமேல் தென்னங்கீற்றைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாலும் முயல் தீனி எடுக்காமல் காதை விரித்துப் படுத்தே கிடக்கும்.

9. இரண்டு கிலோ முயலுக்குக் காசு கொடுத்தால் ஒரு கிலோ கறிதான் வருகிறது. மீதி எங்கே?

தோல், தலை, பாதங்கள், ரத்தம், குடல். முயல் புல் தின்னும் பிராணி, குடல் பெரியது. உயிர் எடையில் பாதி, நல்ல முயலாக இருந்தால் பாதிக்குச் சற்று மேல், கறியாக நிற்கும். விலை போடும்போது இதை மறந்துவிட்டுக் கையைச் சுட்டுக்கொள்கிறவர்கள் அதிகம். உயிர் எடை கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கறி கிலோ 600 ரூபாய்க்கு விற்றால்தான் அசல் வரும். அறுப்புக் கூலி, ஐஸ், தண்ணீர், நீங்கள் நிற்கும் நேரம் எல்லாம் அதற்கு மேல்.

10. அறுப்பதற்கு முந்தைய நாள் என்ன செய்ய வேண்டும்?

இரவு தீவனத்தை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். குடல் காலியாக இருந்தால் சுத்தம் செய்வது பாதி வேலைதான். துரத்திப் பிடிக்கக் கூடாது. காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பிடரித் தோலை ஒரு கையால் பற்றி, மறு கையால் பின்பக்கத்தைத் தாங்குங்கள். மிரண்ட முயல் உதைத்துத் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். அப்படி அறுத்த கறியில் ரத்தக்கட்டும் கருமையும் தெரியும்.

11. எப்படி அறுக்கிறீர்கள்? ரொம்பத் துடிக்குமா?

வெயில் ஏறுவதற்கு முன், மற்ற முயல்களின் கண்ணில் படாத இடத்தில். காதுக்குப் பின்னால் ஒரே உறுதியான அடியில் மயக்கமடையச் செய்து, உடனே கழுத்தின் ரத்தக் குழாய்களை அறுத்துத் தலைகீழாகத் தொங்கவிடுகிறேன். அதன் பிறகு கால் உதறுவது நரம்பின் அசைவு. முயலுக்கு நினைவு இருக்காது. கை நடுங்குகிறவர்கள் தாங்களே முயலக் கூடாது. பழகியவர் பக்கத்தில் பலமுறை நின்று பார்த்த பிறகுதான் கத்தியைத் தொட வேண்டும். பாதி அடி அடிப்பது பெரிய பாவம்.

இஸ்லாமிய வாடிக்கையாளர்கள் ஹலால் முறையில் வேண்டும் என்றால் அதற்கு உரியவரை அழைத்து அறுக்கச் சொல்கிறேன். முயல் உண்ணலாம் என்பதே சுன்னி மத்ஹபுகள் (மார்க்கச் சட்டப் பிரிவுகள்) நான்கின் நிலையும். ஷியா மரபில் விலக்கு. கேட்டுவிட்டுக் கொடுப்பது மரியாதை.

12. தோல் உரிக்கும்போது கறி முழுக்க முடி ஒட்டிக்கொள்கிறது. எப்படித் தவிர்ப்பது?

புதியவர்களின் கறியை வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவருவது இந்த ஒரு காரணத்தால்தான். முயல் முடி பஞ்சைப் போல மெல்லியது. ஈரக் கறியில் ஒட்டினால் எத்தனை முறை கழுவினாலும் இடம் மாறுமே தவிரப் போகாது. ஆட்டுத் தலையைப் போலச் சுட்டு எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். கறியில் தீய்ந்த வாடை ஏறிவிடும்.

ரத்தம் வடிந்ததும், உடல் சூடாக இருக்கும்போதே தொடங்குங்கள். முதலில் ஈரக்கையால் முடியை நீவிப் படியவிடுங்கள்; பறப்பது அடங்கும். பின்னங்கால் மூட்டைச் சுற்றி ஒரு வட்டக் கீறல், அங்கிருந்து உள்தொடை வழியாக ஆசனவாய் வரை ஒரு நேர்க்கீறல். கத்தியின் கூர்முனை வெளியே பார்த்து, தோலை உள்ளிருந்து வெட்ட வேண்டும். வெளியிலிருந்து வெட்டினால் முடியையும் சேர்த்து நறுக்குகிறோம்; கறியில் ஒட்டுவது அந்த நறுக்கிய முடிதான். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தோலை உள்பக்கம் வெளியே வரும்படி கீழ்நோக்கி இழுங்கள். குழந்தைக்குச் சட்டையைத் தலைவழியே கழற்றுவது போல வந்துவிடும். இது முழுவதும் தோலைப் பிடிக்கிற கை ஒன்று, கறியைத் தொடுகிற கை ஒன்று. கை மாறினால் முடி மாறும். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் என் வலக்கையில் ஒரு துணியைச் சுற்றிவிட்டுத்தான் முதல் முயலைக் கொடுத்தார்.

13. குடலை எடுக்கும்போது ஏதோ உடைந்து கறி நாறுகிறது. என்ன தவறு?

மூன்று இடங்களில் கவனம் வேண்டும். அடிவயிற்றில் சிறுநீர்ப்பை, அது நிறைந்திருந்தால் அந்தப் பையின் கழுத்தை விரலால் கிள்ளிப் பிடித்தபடி அறுத்து எடுங்கள். ஈரலில் ஒட்டியிருக்கும் பித்தப்பை. ஈரலில் ஒரு சிறு துண்டு போனாலும் பரவாயில்லை என்று சேர்த்து வெட்டிவிடுங்கள். பச்சைச் சாம்பல் நிறத்தில் பெரிய பையாகச் சுருண்டு கிடக்கும் குருட்டுக்குடல்; கத்தி பட்டால் கிழிந்துவிடும். அதனால் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, விரல்களுக்கு நடுவே கத்தியை ஓட்டுங்கள். ஈரல், இதயம், சிறுநீரகம் சமைக்க நல்லவை. கடைசியில் ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். வாளியில் முக்கி எடுப்பது அழுக்கைப் பரப்பும்.

14. ஈரலில் வெள்ளைப் பொட்டு இருந்தால் கறியைச் சாப்பிடலாமா?

வெள்ளையாக, மஞ்சள் கலந்த புள்ளிகள் ஈரலில் இருந்தால் பெரும்பாலும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணியால் வரும் நோய். ஈரலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். முயல் கொழுகொழுவென்று இருந்து, கறியும் நல்ல நிறத்தில் இருந்தால் மற்றதை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுவதில் கெடுதல் இல்லை. மெலிந்து, வயிறு ஊதி, கழிச்சலோடு இருந்த முயலை அறுக்கவே கூடாது. கூண்டில் தானாகச் செத்துக் கிடந்ததைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், புதைக்க வேண்டும்.

குடலைச் சுற்றிப் பட்டாணி அளவில் நீர்க்கொப்புளங்கள், உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளியோடு தெரிந்தால் அது நாயின் நாடாப்புழு முயலுக்குள் தங்கும் பருவம். மனிதருக்குத் தொற்றாது. ஆனாலும் அந்தக் குடலை எங்கே போடுகிறீர்கள் என்பது முக்கியம். 21ஆம் கேள்வியைப் பாருங்கள்.

15. அறுத்த உடனே சமைத்தேன், ரப்பர் போல இருந்தது. கிழட்டு முயலைக் கொடுத்துவிட்டீர்களா?

இளம் முயல்தான். அறுத்த சில மணி நேரத்தில் எந்தக் கறியும் விறைக்கும். அந்த நேரத்தில் அடுப்பில் ஏற்றினால் அப்படித்தான் இருக்கும். சுத்தம் செய்த முயலை முழுதாக ஒரு இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் வெட்டிச் சமையுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை விற்பது சனிக்கிழமை காலையில் அறுத்ததுதான். "பழைய கறி" என்று முகம் சுளித்தவர்கள் ஒருமுறை சாப்பிட்ட பிறகு கேட்பதில்லை. நான்கு டிகிரிக் குளிரில் மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

முயல் கறியில் கொழுப்பு குறைவு. நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டு, சின்ன வெங்காயம் வதக்கி, மூடி வைத்து வேகவிடுங்கள். குக்கரில் இளங்கறிக்கு இரண்டு மூன்று விசில் போதும். மிளகு வறுவல் செய்கிறவர்கள் கறியைத் தயிரும் மஞ்சளும் போட்டு ஊறவைத்தால் காய்ந்துபோகாது.

16. எலும்புத் துண்டு ஊசி போலக் குத்துகிறது. குழந்தைக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

ஆட்டுக் கறியைப் போலக் கட்டையில் வைத்துப் போடு போடு என்று போட்டால் அப்படித்தான் ஆகும். முயல் எலும்பு மெல்லியது. அடித்தால் சிம்பு சிம்பாகச் சிதறும். சிறு கத்தியால் மூட்டில் வெட்ட வேண்டும். பின்னந்தொடை இரண்டு, முன்சப்பை இரண்டு, முதுகுத்தண்டை வளைத்து கணு விலகும் இடத்தில் மூன்று துண்டு, விலாப்பகுதி தனியாக. முன்சப்பைக்கு மூட்டெலும்புப் பிடிப்பே இல்லை, கத்தி தானாக வழுக்கிப் போகும். கடையில் சிறிதாக நறுக்கித் தரச் சொல்லாதீர்கள். குழந்தைகளுக்குத் தொடைக் கறியை வேகவைத்து உதிர்த்துக் கொடுங்கள்.

17. பூனைக் கறியைக் கலந்து விற்கிறார்களாமே? எப்படிக் கண்டுபிடிப்பது?

தலையோடு வாங்குங்கள். தோல் உரித்த தலையிலும் பல் இருக்கும். முயலுக்கு மேல்தாடையில் முன்னால் இரண்டு நீண்ட பற்கள். அவற்றின் பின்னால் விரலால் தடவினால் இன்னும் இரண்டு சின்னஞ்சிறு பற்கள் ஒளிந்திருக்கும். பூனைக்கு இரண்டு பக்கமும் கோரைப் பல். இதில் யாரும் ஏமாற்ற முடியாது. ஐரோப்பியச் சந்தைகளில் ஒரு பாதத்தை முடியோடு விட்டுவைக்கிற பழக்கம் இந்தச் சந்தேகத்தால் வந்ததுதான். கேட்டால் நானும் அப்படியே தருகிறேன்.

18. முயல் கறி சூடா, குளிர்ச்சியா? கொழுப்பு உள்ளவர்கள் சாப்பிடலாமா?

சூடு என்று சொல்கிறவர்களின் குழம்பில் மிளகைக் குறைக்கச் சொல்லுங்கள். 100 கிராம் பச்சைக் கறியில் புரதம் சுமார் 20 கிராம், கொழுப்பு ஐந்தாறு கிராம். அளவோடு சாப்பிடுகிறவர்களுக்கு நல்ல கறி. இதய நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். கறிக்காரனைக் கேட்கக் கூடாது.

எடை குறைக்க முயல் கறியை மட்டுமே சாப்பிடுகிறேன் என்று ஒரு தம்பி வந்தார். வேண்டாம் என்று அனுப்பினேன். குளிர் நாடுகளில் கொழுப்பில்லாத முயலை மட்டுமே வாரக்கணக்கில் தின்றவர்கள் வயிற்றுப்போக்கும் தீராத பசியுமாக நலிந்துபோனது பதிவாகியிருக்கிறது. அதற்கு "முயல் பட்டினி" என்றே பெயர். சோறு, பருப்பு, காயோடு சேர்ந்துதான் கறி.

19. முயல் ரத்தம் ஒரு பாட்டில் கிடைக்குமா? முடி வளர எண்ணெய் காய்ச்ச வேண்டும்.

கொடுப்பதில்லை. முயல் ரத்தம் தலைமுடியை வளர்க்கும் என்பதற்கு எந்த நிரூபணமும் இல்லை. அந்த எண்ணெயில் வேலை செய்வது ஏதாவது இருந்தால் அது தேங்காய் எண்ணெயாகத்தான் இருக்கும். பச்சை ரத்தம் சில மணி நேரத்தில் கெட்டுவிடும் பொருள். தலையில் புண் இருந்தால் வேறு வினை. இந்த எண்ணெய்க்காகக் காட்டு முயலையும் பிடிக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

20. சொறிக்கு ஊசி போட்ட முயலை எப்போது அறுக்கலாம்?

ஊசி போட்ட கால்நடை மருத்துவரிடமே, எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த நாள் முடியும் வரை கூண்டில் சிவப்புத் துணி கட்டி வைப்பது எங்கள் வழக்கம். வாங்க ஆள் நிற்கிறார் என்று ஒரு நாள் முன்னால் கூட எடுக்கக் கூடாது. மருந்து கறியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. நம்பி வாங்குகிறவருக்கு அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

21. குடல், தோல் எல்லாவற்றையும் தெரு நாய்க்குப் போட்டுவிடலாம் அல்லவா?

கூடாது. 14ஆம் கேள்வியில் சொன்ன நீர்க்கொப்புளத்தை நாய் தின்றால் அதன் வயிற்றில் நாடாப்புழு வளரும். அந்த நாய் வேலிமசால் பாத்தியில் கழிந்துவிட்டுப் போகும். நீங்கள் அந்தத் தழையை அறுத்து முயலுக்குப் போடுவீர்கள். சுற்று முடிந்தது. இடுப்பளவு குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி, மண் மூடிவிடுங்கள். சாணமும் இலைச்சருகும் கலந்து மக்கவிட்டால் ஆறு மாதத்தில் தென்னைக்கு நல்ல உரம்.

22. வளர்த்துக் கொடுத்தால் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்கிறதாம். சேரலாமா?

முதலில் குட்டிக்கு நாலு மடங்கு விலை வாங்கிக்கொண்டு, திரும்ப வாங்க வேண்டிய நாளில் போனை எடுக்காத கதை தமிழ்நாட்டில் பல ஊர்களில் நடந்திருக்கிறது. நானும் அப்படி ஒருமுறை ஏமாந்தவன். நாற்பது முயலோடு நின்றேன். தீவனக் கடன் ஏறியது. அன்று என்னைக் காப்பாற்றியது பக்கத்துத் தெருவில் கறி கேட்ட பத்துக் குடும்பங்கள்தான்.

அதனால் பத்து வாடிக்கையாளரைத் தேடிவிட்டு, பிறகு கூண்டு வாங்குங்கள். வெள்ளிக்கிழமை இரவுக்குள் சொல்கிறவர்களுக்கு மட்டும் அறுங்கள்; மிச்சம் என்ற பேச்சு இருக்காது. பிளாஸ்டிக் பைக்கு 2019 முதல் தடை இருப்பதால் தூக்குவாளி கொண்டு வரச் சொல்கிறேன். கொண்டு வருகிறவர்களுக்கு ஈரல் இலவசம். புதிதாக வருகிறவர்களுக்குக் கொட்டகையைச் சுற்றிக் காட்டுங்கள். கூண்டு நாறாமல் இருப்பதைக் கண்ணால் பார்த்தவர் அடுத்த வாரம் இன்னொருவரைக் கூட்டி வருவார்.

23. காட்டு முயல் என்று சொன்னால் இரட்டை விலை தருகிறார்கள். பண்ணை முயலையே அப்படிச் சொல்லி விற்றால் என்ன? நீங்களே சொன்னபடி அது குற்றமில்லையே?

இதைக் கேட்டவர் என் பக்கத்து ஊர்க்காரர், விளையாட்டாகக் கேட்கவில்லை. முதலில், வாங்குகிறவரை ஏமாற்றுகிறீர்கள். அடுத்து, அந்தப் பேச்சு வனத்துறையின் காதுக்குப் போனால் கறியை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்புவார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய ஆய்வகத்திலும் வண்டலூரில் இருக்கும் நிறுவனத்திலும் அதற்கு வசதி இருக்கிறது. சோதனையில் நீங்கள் தப்பினாலும் அது வரைக்கும் அலைச்சல்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, காட்டு முயலுக்குக் கிராக்கி இருக்கிறது என்ற எண்ணத்தை ஊரில் வளர்ப்பது நீங்கள்தான். உங்கள் வாடிக்கையாளர் அடுத்த முறை கண்ணி வைக்கிறவனிடம் போவார்.

நிறத்தைப் பார்த்தே தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பண்ணை முயலின் கறி கோழியைப் போல வெளுத்த இளஞ்சிவப்பு. காட்டு முயலின் கறி கருஞ்சிவப்பு.

24. களை எடுக்கும்போது காட்டு முயல் குட்டி ஒன்று கிடைத்தது. தாயைக் காணோம். பாவம், உங்கள் கூண்டில் விட்டு வளர்க்க முடியுமா?

முடியாது. வைத்திருப்பதே குற்றம் என்பது முதல் கேள்வியிலேயே இருக்கிறது. அதோடு காட்டுக் குட்டி கூண்டில் பயந்தே செத்துவிடும். பசும்பால் ஊட்டினால் கழிச்சல் கண்டுவிடும்.

அந்தக் குட்டியைத் தாய் விட்டுவிட்டுப் போகவில்லை. பகலில் பக்கத்தில் இருந்தால் தன் வாடையைப் பிடித்து நரி வந்துவிடும் என்பதால்தான் விலகி இருக்கிறது. இருட்டியதும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். எடுத்த இடம் நினைவிருந்தால் உடனே கொண்டுபோய் அதே புல் தூரில் விடுங்கள். அந்த இரண்டு பாத்தியை மட்டும் இன்று களை எடுக்காமல் விட்டுவிடச் சொல்லுங்கள். நாயைக் கட்டிப்போடுங்கள். நாளைக் காலையில் போய்ப் பார்த்தால் அநேகமாக அங்கே இருக்காது.